சாம்பிள் ரேட் எதைத் தேர்ந்தெடுப்பது? ஒலிப்பதிவும் மிக்ஸிங்கும் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிய ப்ராஜெக்டைத் திறந்தவுடன் மென்பொருள் கேட்கும் முதல் கேள்வி இது: 44.1, 48, 88.2, 96, 192 ஆகியவற்றில் எது வேண்டும்? பெரிய எண் என்றால் நல்ல ஒலி என்று நினைத்து 192ஐத் தேர்ந்தெடுத்து, பாதி வேலையில் கணினி திணறுவதைப் பார்த்து நிற்பவர்கள் பலர். அந்தத் திணறலைத் தவிர்க்கவே இந்தப் பக்கம். கீழே 48 என்று மட்டும் எழுதியிருந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 48,000 சாம்பிள்கள் என்று கொள்ளுங்கள். மற்ற எண்களுக்கும் அப்படியே. சாம்பிள் என்பது ஒலி அலையை ஒரு முறை அளந்து எடுத்த மதிப்பு.

காரணமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்கிறேன். எதை வைப்பது என்று மட்டும் சொல்ல முடியுமா?

48, 24 பிட் (ஒவ்வொரு சாம்பிளையும் எவ்வளவு நுட்பமாக எழுதுகிறோம் என்பதே பிட் எண்ணிக்கை). பாட்டு, பேச்சு, பாட்காஸ்ட், காணொளிக்கான ஒலி எல்லாவற்றுக்கும் இது போதும். இதிலிருந்து விலக இரண்டு நல்ல காரணங்கள் உண்டு. உடன் வேலை செய்பவர்கள் ஏற்கெனவே 44.1இல் தொடங்கிவிட்டிருந்தால் நீங்களும் 44.1இலேயே தொடருங்கள். பதிவு செய்த ஒலியைப் பிறகு பல மடங்கு மெதுவாக்கிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் 96 அல்லது 192க்குப் போங்கள்.

இந்த எண் உண்மையில் எதைத் தீர்மானிக்கிறது?

எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரை பதிவாகும் என்பதை. வேறு எதையும் அல்ல.

ஒலி அலையை வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறோமோ, அந்த எண்ணிக்கையில் பாதிக்குக் கீழே உள்ள அதிர்வெண்கள் யாவும் முழுமையாகப் பதிவாகும். அந்தப் பாதிதான் நைக்விஸ்ட் எல்லை. ஹாரி நைக்விஸ்ட் 1928இல் தந்தித் தொடர்பு பற்றி எழுதிய ஆய்வில் இதன் வேர் இருக்கிறது. கிளாட் ஷானன் 1949இல் அதைக் கணிதமாக நிறுவினார். 44.1க்கு எல்லை 22.05 கிலோஹெர்ட்ஸ். 48க்கு 24. 96க்கு 48. மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. வயது ஏற ஏற அந்த எல்லை இறங்கும். நடுவயதைத் தாண்டிய பலருக்கு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்பதில்லை.

"முழுமையாக" என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்தினேன். மென்பொருளின் திரையில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகளோ படிக்கட்டுகளோ தெரியும். சாம்பிள்களுக்கு இடையில் உள்ளது தொலைந்துபோகிறது, அதிகச் சாம்பிள் எடுத்தால் படிக்கட்டு வழவழப்பாகும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறக்கிறது. உங்கள் ஸ்பீக்கருக்குப் போவது படிக்கட்டு அல்ல. டிஜிட்டலிலிருந்து அனலாகுக்கு மாற்றும் கருவியில் உள்ள ஃபில்டர் அந்தப் புள்ளிகளின் வழியே ஒரு தொடர்ச்சியான அலையை வரைகிறது. நைக்விஸ்ட் எல்லைக்குள் அந்தப் புள்ளிகள் வழியாகச் செல்லக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். ஆகவே 10 கிலோஹெர்ட்ஸ் தொனியை 48இல் பதிவு செய்தாலும் 96இல் பதிவு செய்தாலும் வெளியே வருவது அதே அலை. இடது, வலது காதுகளுக்கு ஒலி வந்து சேரும் நேர வேறுபாட்டுக்கும் இது பொருந்தும். இரு சாம்பிள்களுக்கு இடைப்பட்ட நேரத்தைவிட மிகச் சிறிய வேறுபாடும் பதிவில் பத்திரமாக இருக்கும்.

44,100 என்பது ஏன் இப்படி ஒழுங்கற்ற எண்ணாக இருக்கிறது?

வீடியோ டேப்பின் கணக்கு அது. 1970களின் இறுதியில் டிஜிட்டல் ஒலியின் தரவு வெள்ளத்தைத் தாங்கக்கூடியதாக எளிதில் கிடைத்தது வீடியோ ரெக்கார்டர்தான். வீடியோ படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று சாம்பிள்கள் வீதம் எழுதினார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் வினாடிக்கு 60 புலங்கள் (புலம் என்பது பாதிப் படம்), புலத்துக்குப் பயன்படும் கோடுகள் 245: 60 × 245 × 3 = 44,100. ஐரோப்பிய முறையில் 50 புலங்கள், 294 கோடுகள்: 50 × 294 × 3 = 44,100. இரண்டு உலகங்களுக்கும் ஒத்துப்போனதால் 1982இல் சந்தைக்கு வந்த குறுந்தகட்டில் அந்த எண் நிலைத்துவிட்டது.

48,000 அப்படி ஒரு கருவியின் வசதிக்குக் கட்டுப்பட்டதல்ல. வினாடிக்கு 24, 25, 30 படச்சட்டங்கள் என்ற வேகங்கள் மூன்றாலும் அது மீதியின்றி வகுபடும்: ஒரு படச்சட்டத்துக்கு 2,000, 1,920, 1,600 சாம்பிள்கள். திரைப்படமும் தொலைக்காட்சியும் அதை ஏற்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் ஏஇஎஸ்5 பரிந்துரையும் பதிவுக்கும் பரிமாற்றத்துக்கும் 48ஐத்தான் முன்வைக்கிறது.

44.1க்கும் 48க்கும் காதில் வேறுபாடு தெரியுமா?

நல்ல கருவியில் தெரியாது. ஆனாலும் 48இன் பக்கம் சாய எனக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலியைத் தொடாமல் விட்டு, அதற்கு மேல் உள்ளதை நைக்விஸ்ட் எல்லைக்குள் அடியோடு அடக்க வேண்டிய பொறுப்பு மாற்றியின் ஃபில்டருக்கு இருக்கிறது. 44.1இல் அந்தப் பணிக்குக் கிடைக்கும் இடம் 2.05 கிலோஹெர்ட்ஸ், 48இல் 4. ஏறக்குறைய இரு மடங்கு. விலை குறைந்த மாற்றிகளின் ஃபில்டர்கள் எல்லையருகே சற்றுக் கசியும் வகையில் அமைந்திருப்பது உண்டு. அந்தக் கசிவு 48இல் காது கேட்கும் பகுதிக்கு வெளியே ஒதுங்கிவிடுகிறது.

96இல் பதிவு செய்தால் ஒலி இன்னும் தெளிவாக இருக்கும் என்கிறார்களே?

இதை முறையாகச் சோதித்திருக்கிறார்கள். 2007இல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் இதழில் மேயர், மொரான் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர டிஸ்க்குகளின் ஒலிப்பாதையில் குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கி ஏற்றும் ஒரு கண்ணியை இடையில் சேர்த்து, எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். இயல்பான ஒலி அளவில் கேட்டவர்களால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 2016இல் அதே இதழில் ஜோஷுவா ரைஸ், வெளியான பல சோதனைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார். சரியான விடைகள் 52.3 விழுக்காடு, குருட்டாம்போக்கில் சொன்னாலே 50 கிடைக்கும். பயிற்சி பெற்றவர்களுக்கு விழுக்காடு உயர்ந்தது. ஆக, சிறிய வேறுபாடு ஒன்று சிலருக்குச் சில நிலைமைகளில் தெரியலாம். அது மைக்கை ஒரு சாண் நகர்த்தினால் வரும் மாற்றத்தின் அருகில்கூட வராது.

96இல் பதிவு செய்து உங்கள் ஒலி நன்றாக இருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அறையின் எதிரொலியையும், மைக் வைத்த இடத்தையும், ஏற்றி வைத்த கெயினையும் சாம்பிள் ரேட் திருத்தாது. பெரும்பாலான ஸ்டூடியோ மைக்குகள் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மைக் பிடிக்காததை 96 எழுதப்போவதில்லை.

அப்படியானால் 96இல் மிக்ஸ் செய்பவர்கள் எல்லோரும் வீண் வேலை செய்கிறார்களா?

இல்லை. மிக்ஸிங்கில் 96க்கு ஓர் உண்மையான காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

சாச்சுரேஷன், டிஸ்டார்ஷன், கிட்டார் ஆம்ப் பிளக்இன்கள் (மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்கள்), கிளிப்பர், வேகமாக வேலை செய்யும் கம்ப்ரசர், லிமிட்டர் ஆகியவை உள்ளே போன ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்களை உண்டாக்குகின்றன. அதற்காகத்தான் அவற்றைப் பயன்படுத்துகிறோம். 10 கிலோஹெர்ட்ஸ் தொனி ஒன்றைச் சீரான கிளிப்பிங்குக்கு, அதாவது அலையின் உச்சிகளை வெட்டுவதற்கு, உட்படுத்தினால் 30, 50, 70, 90 என ஒற்றைப்படை ஹார்மானிக்குகள் (மூலத் தொனியின் மடங்குகள்) பிறக்கும். அனலாக் கருவியில் அவை காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய் மறைந்துவிடும். டிஜிட்டலில் போக இடமில்லை. நைக்விஸ்ட் எல்லையில் மோதிக் கீழே மடங்கும். இதுவே ஏலியாசிங். திரையில் ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுகிறதே, அதே நிகழ்வு ஒலியில்.

48இல் கணக்குப் போடுவோம். எல்லை 24. பிளக்இன் தன் உள்ளே தனி ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால் 30 கிலோஹெர்ட்ஸ் 18இல் வந்து விழும். 50 கிலோஹெர்ட்ஸ் 2இல் விழும். 44.1இல் அவை 14.1, 5.9 ஆகிய இடங்களில் விழும். 10 கிலோஹெர்ட்ஸ் தொனியோடு இசை உறவு எதுவும் இல்லாத சத்தங்கள் இவை. ஒரு தடத்தில் தெரியாது. 20 தடங்களில் சேரும்போது சிம்பலும் குரலின் உயர்பகுதியும் கரகரப்பாகி, மிக்ஸ் முழுவதும் ஓர் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். 96இல் எல்லை 48. அங்கே 30 தன் இடத்திலேயே இருக்கும், 50 மடங்கி 46க்குப் போகும், 70 மடங்கி 26க்குப் போகும். இந்த மூன்றும் காதுக்கு எட்டாது. வேறுபாடு இங்கேதான் கேட்கிறது. "96இல் மிக்ஸ் இனிமையாக இருந்தது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது காதுக்கு மேலான அதிர்வெண்களை அல்ல, ஏலியாசிங் குறைந்ததை.

96உம் முழு மருந்தல்ல. அதே எடுத்துக்காட்டில் 90 கிலோஹெர்ட்ஸ் ஹார்மானிக் 6இல் வந்து விழும். அளவில் சிறியதாக இருந்தாலும் விழுகிறது.

ப்ராஜெக்டை 48இல் வைத்துக்கொண்டே இதைத் தவிர்க்க முடியாதா?

முடியும். அதையே பரிந்துரைக்கிறேன். இன்றைய நல்ல பிளக்இன்களில் ஓவர்சாம்பிளிங் என்ற தேர்வு இருக்கிறது. பிளக்இன் தனக்குள் மட்டும் வேகத்தை 4 மடங்காகவோ 8 மடங்காகவோ உயர்த்தி, வேலையை முடித்து, எல்லைக்கு மேல் உள்ளதை வடிகட்டிவிட்டு மீண்டும் 48க்கு இறங்கும். 4 மடங்கு என்றால் உள்ளே 192, எல்லை 96. மேலே சொன்ன 90 கிலோஹெர்ட்ஸும் அங்கே மடங்காமல் நின்று வடிகட்டப்படும். ஒரு சாச்சுரேஷன் பிளக்இனில் 4 மடங்கு ஓவர்சாம்பிளிங் தருவதை முழு ப்ராஜெக்டையும் 96க்கு ஏற்றினாலும் பெற முடியாது.

இதன் விலை, கணினியின் சுமையும் சிறிது தாமதமும். பல பிளக்இன்களில் இறுதியாக ஏற்றுமதி செய்யும்போது மட்டும் ஓவர்சாம்பிளிங்கை இயக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஒலியளவைக் கூட்டுவது, பான் செய்வது, டிலே, சாதாரண ரிவெர்ப் ஆகியவை புதிய அதிர்வெண்களை உண்டாக்குவதில்லை. அவற்றுக்கு இது தேவையே இல்லை. ஈக்வலைசர் மட்டும் ஓர் இடைநிலை. ஏலியாசிங் வராது, ஆனால் சில பழைய வடிவமைப்புகளில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வளைவு நைக்விஸ்ட் எல்லையை நோக்கி நசுங்கும்.

உங்கள் பிளக்இன் எப்படி என்று நீங்களே சோதிக்கலாம். 100 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒரு தொனியை அதன் வழியே அனுப்புங்கள். தொனி ஏறிக்கொண்டிருக்கும்போது வேறு ஏதோ ஒரு சத்தம் கீழ்நோக்கி இறங்கி வருவது கேட்டால் அது ஏலியாசிங்.

மெதுவாக்கும் வேலைக்கு மட்டும் 96, 192 என்றீர்களே, ஏன்?

சத்தங்களைச் சுருதி இறக்கிப் பயன்படுத்தும் ஒலி வடிவமைப்பாளர்களுக்கு அது தேவை. 48இல் பதிவான ஒலியை இரண்டு ஸ்தாயி இறக்கினால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை இருந்தது 6 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மந்தமாக, கம்பளி போர்த்தியதுபோல் கேட்கும். 192இல் பதிவு செய்து இரண்டு ஸ்தாயி இறக்கினால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை நிரம்பியிருக்கும். ஒரு நிபந்தனை: மைக்கும் அந்த உயரம் வரை பிடிக்க வேண்டும். 50 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டும் சிறப்பு மைக்குகள் இருக்கின்றன.

இசையை 192இல் பதிவு செய்வதில் தீங்கு ஏதும் உண்டா?

இடமும் கணினி ஆற்றலும் நான்கு மடங்கு செலவாகும். அதோடு ஒலிக்கும் கருவிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்கள் ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் போகும்போது, அவற்றின் குறைபாடுகளால் ஒன்றோடொன்று கலந்து காது கேட்கும் பகுதியில் புதிய திரிபை உண்டாக்கலாம். மாற்றிகளை வடிவமைக்கும் டான் லாவ்ரி, தேவைக்கு மீறிய வேகம் அளவீட்டின் துல்லியத்தைக் குறைக்கிறது என்று நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார். இசைப் பதிவுக்கு 192ஐ நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

குறுந்தகட்டுக்காக 44.1க்கு இறக்க வேண்டும். 88.2இல் பதிவு செய்தால் சரிபாதி என்பதால் மாற்றம் சுத்தமாக இருக்குமா?

இது பழைய நம்பிக்கை. 88.2இலிருந்து ஒன்று விட்டு ஒன்று சாம்பிளை எறிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எறிந்தால் 22.05க்கு மேல் இருப்பது எல்லாம் மடங்கிக் கீழே விழும். எந்த விகிதமானாலும் முதலில் ஃபில்டர் வேண்டும். அந்த ஃபில்டரின் தரம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. 96இலிருந்து 44.1க்கு விகிதம் 147/320, 48இலிருந்து 147/160. மனிதனுக்கு அருவருப்பான பின்னம், கணினிக்கு வெறும் கணக்கு. இன்றைய நல்ல மாற்றிகள் இதைக் காது கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் செய்கின்றன.

ப்ராஜெக்டின் நடுவில் சாம்பிள் ரேட்டை மாற்றலாமா?

கூடாது. ஃபைல்கள் எல்லாம் மாற்றப்பட வேண்டும், ஆட்டோமேஷன் புள்ளிகள் நகரக்கூடும், சில பிளக்இன்களின் ஒலியே மாறும். மிக்ஸ் செய்ய உங்களுக்கு வந்தவை 44.1இல் இருந்தால் 44.1இலேயே மிக்ஸ் செய்யுங்கள். 96க்கு ஏற்றினால் பதிவில் இல்லாத எதுவும் வந்து சேராது.

பதிவு செய்தது வேகமாகவும் சுருதி ஏறியும் கேட்கிறது. என்ன நடந்தது?

44.1இல் பதிவான ஃபைலை எங்கோ ஓரிடத்தில் 48 என்று எடுத்துக்கொண்டு ஒலிக்கிறார்கள். வேகம் ஏறத்தாழ 8.8 விழுக்காடு கூடும், சுருதி ஒன்றரை அரைச்சுரம் போல ஏறும். 60 நிமிடப் பதிவு 55 நிமிடம் 7 வினாடியில் முடிந்துவிடும். எதிர்த்திசையில் நடந்தால் மெதுவாகவும் தாழ்ந்தும் கேட்கும். இங்கே சாம்பிள் ரேட் கன்வெர்ஷன் செய்யாதீர்கள். அது பிழையை நிலையாக்கிவிடும். தரவு சரியாகவே இருக்கிறது, ஃபைலின் தொடக்கத்தில் உள்ள விவரக் குறிப்பில் (ஹெடர்) எழுதியுள்ள எண்தான் தவறு. தரவைத் தொடாமல் அந்த எண்ணை மட்டும் மாற்றும் வசதி பெரும்பாலான ஒலித்தொகுப்பு மென்பொருள்களில் உண்டு.

இரண்டு கருவிகளை டிஜிட்டல் கேபிளில் இணைத்தால் இடையிடையே டிக் டிக் என்று சத்தம் வருகிறது.

இரண்டும் தத்தம் கடிகாரத்தில் ஓடுகின்றன. ஒன்றை மாஸ்டராக வைத்து, மற்றதன் கிளாக் மூலத்தை அந்த டிஜிட்டல் உள்ளீட்டுக்கு மாற்றுங்கள். இரண்டிலும் 48 என்று காட்டினாலும் போதாது. ஒரு கருவியின் 48,000உம் இன்னொன்றின் 48,000உம் அச்சொட்டாக ஒன்றல்ல. வேறுபாடு பத்து லட்சத்தில் 50 பங்கு என்றால், தனித்தனி ரெக்கார்டர்களில் எடுத்த ஒரு மணி நேரப் பதிவு முடிவில் 0.18 வினாடி விலகும். உதட்டசைவு பொருந்தாமல் போக அது போதும். நீண்ட நேர்காணல்களை நடுவில் ஓரிரு இடங்களில் வெட்டி ஒத்திசைப்பது இதனால்தான்.

சாம்பிள் ரேட்டை ஏற்றினால் பாடுபவருக்கு ஹெட்ஃபோனில் தாமதம் குறையுமா?

குறையும், தாளில். கணினி ஒரு தடவையில் எடுத்துக் கையாளும் சாம்பிள் தொகுதிதான் பஃபர். 128 சாம்பிள் பஃபர் 48இல் 2.7 மில்லிவினாடி, 96இல் 1.3. ஆனால் கணினி அதே நேரத்தில் இரு மடங்கு வேலை செய்ய வேண்டும். அது திணறினால் பஃபரை 256 ஆக்குவீர்கள். பழைய தாமதத்துக்கே திரும்பிவிடுவீர்கள். இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கேட்கும் வசதி இருந்தால் அதை இயக்குவதே நல்ல வழி.

இடம் எவ்வளவு பிடிக்கும்?

24 பிட்டில் ஒரு மோனோ தடம் நிமிடத்துக்கு 48இல் 8.64 மெகாபைட், 96இல் 17.28, 192இல் 34.56. 24 தடங்களை ஒரு மணி நேரம் எடுத்தால் 48இல் சுமார் 12.4 கிகாபைட். நேரலைப் பதிவு செய்பவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். பல தடங்களை ஒரே கம்பியில் அனுப்பும் ஏடாட் ஒளியிழை இணைப்பில் 48இல் கிடைக்கும் 8 தடங்கள் 96இல் 4 ஆகச் சுருங்கும். சாதாரண வேவ் ஃபைல் 4 கிகாபைட்டைத் தாண்டாது. 96, 24 பிட், ஸ்டீரியோவில் அது 2 மணி நேரத்தைச் சற்றே கடக்கும்போது நிரம்பிவிடும்.

பிட் டெப்த்?

பதிவுக்கு எப்போதும் 24. 16 பிட்டின் கோட்பாட்டு வீச்சு சுமார் 96 டெசிபல், 24இன் வீச்சு சுமார் 144. உச்சத்தை −12 டெசிபல் அருகே வைத்து நிம்மதியாகப் பதிவு செய்யலாம். 48இலிருந்து 96க்குப் போவதைவிட 16இலிருந்து 24க்குப் போவது பதிவின்போது பல மடங்கு பயன் தரும்.

புளூடூத் ஹெட்செட்டின் மைக்கை இயக்கியவுடன் எல்லாமே தொலைபேசி போல் கேட்கிறது.

மைக் இயங்கும்போது பல ஹெட்செட்டுகள் அழைப்பு முறைக்கு மாறிவிடும். அங்கே சாம்பிள் ரேட் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். பதிவுக்குக் கம்பியுள்ள மைக்கைப் பயன்படுத்துங்கள்.

மிக்ஸ் முடிந்தது. எந்த வரிசையில் ஏற்றுமதி செய்வது?

முதலில் ப்ராஜெக்டின் ரேட்டிலேயே, 32 பிட் ஃப்ளோட் அல்லது 24 பிட்டில் ஒரு பிரதி. அதுவே மூலப் பிரதி, பத்திரப்படுத்துங்கள். 44.1, 16 பிட் தேவைப்பட்டால் அதிலிருந்து முதலில் ரேட்டை மாற்றி, பிறகு உச்ச அளவைச் சரிபார்த்து, டிதரை (பிட்டைக் குறைக்கும்போது சேர்க்கும் மிக மெல்லிய இரைச்சல்) கடைசியாகச் சேருங்கள். ரேட்டை மாற்றும்போது உச்சங்கள் சற்று உயரக்கூடும். −1 டெசிபல் ட்ரூ பீக் (சாம்பிள்களுக்கு இடையில் எழும் உச்சத்தையும் சேர்த்த அளவு) எல்லையை விட்டுவைத்தால் எம்பி3 ஆனாலும் ஓபஸ் ஆனாலும் கிளிப் ஆகும் வாய்ப்பு குறைவு. எம்பி3 48க்கு மேல் போகாது. ஓபஸுக்கு 44.1 கொடுத்தாலும் அது 48க்கு மாற்றிக்கொண்டே வேலை செய்யும்.

விநியோகஸ்தர் 96 கேட்கிறார், என் மிக்ஸ் 48இல் இருக்கிறது. ஏற்றிக் கொடுக்கலாமா?

வேண்டாம். ஸ்பெக்ட்ரத்தில் 24 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு விளிம்பு தெரியும். பார்ப்பவருக்கு நொடியில் புரிந்துவிடும். 48இல் செய்தது என்று எழுதி 48ஐயே கொடுங்கள். பல இடங்களில் அது ஏற்கப்படும். 96 கட்டாயம் என்றால் ப்ராஜெக்டின் ஒரு நகலை 96இல் திறந்து, பிளக்இன்கள் அந்த வேகத்தில் எப்படி ஒலிக்கின்றன என்று தடம் தடமாகக் கேட்டுச் சரிபார்த்து, அங்கிருந்து புதிதாக ஏற்றுமதி செய்யுங்கள். மூலப் பதிவு 48இல் செய்தது என்பதை அப்போதும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.